கடலோரப் பாடல்களோடு ராக் இசையைக் கலந்து ஓர் ஆல்பம் செய்வது: இராமநாதபுரம் கரைக்கான முழுமையான வழிகாட்டி

பாம்பனுக்கோ தொண்டிக்கோ கீழக்கரைக்கோ கிதாரோடு வந்து இறங்கும் இளம் இசைக்குழுவினர் பெரும்பாலும் ஒரே வரிசையில் வேலையைத் தொடங்குகிறார்கள்: முதலில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார்த் துணுக்கு), அடுத்து ட்ரம்ஸ், அதன் மேல் ஒட்டுவதற்கு ஒரு நாட்டுப்புறக் குரல், கடைசியாக எஞ்சிய இடத்தை நிரப்பப் பாடல் வரிகள். இவ்வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. பாடலின் பொருள் முதலில், அதைச் சொல்லும் குரல் அடுத்து, பிறகு தாளம், பிறகு சுருதி, அதன் பின்னரே கிதார். ஏதேனும் ஒரு படியைத் தாண்டினால் என்ன கெடும் என்பது அந்தந்த இடத்திலேயே சொல்லப்பட்டுள்ளது.

1. வருவதற்கு முன்: காற்றையும் தொழில் நாள்களையும் அறிந்துகொள்ளுங்கள்

ஊருக்கு வருவதற்கு முன் உங்களிடம் இருக்க வேண்டிய முதல் பொருள் நாள்காட்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்தக் காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள், பேசவும் பாடவும் நேரம் கிடைக்கும். ஆனால் அது வருமானம் நின்றுபோன காலமும் ஆகையால், ஊதியம் பற்றிய பேச்சை முதல் நாளே முடித்துவிடுவது முறை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்த வெளியில் பதிவு செய்யும் திட்டத்தை அந்த மாதங்களில் வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும், ஞாயிறு காலையில் தங்கச்சிமடத்திலும் யாரையும் அழைக்காதீர்கள். இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும் முதல் சந்திப்பே கூடாத நேரத்தில் அமைந்துவிட்டால், பாடத் தெரிந்தவர்கள் பலர் தமக்குப் பாடத் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள்.

கருவிகளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதியும் கையடக்க ரெக்கார்டர் இரண்டு, ஒலிவாங்கிக்கான முடியடர்ந்த காற்றுறை, ஒரு டியூனர், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மாற்றுக் கிதார்க் கம்பிகள் ஆகியவை போதும். உப்புக் காற்றில் கம்பிகள் விரைவில் கறுத்து ஒலி மங்கும் என்பதால், வாசித்து முடித்த ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

2. ஒவ்வொரு பாடலின் பொருளையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘கடல்’ என்பது பொருள் அன்று. ‘மீனவர் துயரம்’ என்பதும் அன்று. ‘மூச்சை அடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் ஒரு பெண், தீவை நெருங்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பிறகு எங்கே மூழ்குவது என்று கேட்கிறாள்’ என்பது பொருள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட செய்தி அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒருவரின் வயிற்றுப்பாடாக வந்துவிடுகிறது. வாக்கியத்தில் ஓர் ஆள், ஒரு வேலை, ஒரு தடை மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் அந்தப் பாடல் இன்னும் எழுதப்படும் நிலைக்கு வரவில்லை.

புதியவர்கள் எளிதில் விழும் பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலையும் இடிந்த தேவாலயச் சுவரையும் பாடாத இசைக்குழு அரிது. இடிபாட்டைப் பார்த்துப் பாடுவதைவிட, இன்றும் அங்கே ஓலைக் கொட்டகையில் இருந்து தொழில் செய்பவரின் ஒரு நாளைப் பாடினால் புயல் தானாகவே பாட்டுக்குள் வரும்.

மற்றொன்று எல்லைப் பிரச்சினை. கச்சத்தீவு பற்றிய 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் அதைத் தொடர்ந்த 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் முழக்கமாக மாற்றுவது எளிது. ஆனால் அக்கரையில் வலை வீசுபவரும் தமிழ் பேசும் மீனவர்தான் என்பதும், இங்கிருந்து செல்லும் விசைப்படகுகளின் இழுவை மடிகளால் அவருடைய வலைகள் அறுபடுகின்றன என்பதும் இக்கரையில் நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை மறைத்து எழுதிய பாட்டை ஊரில் பாடிக் காட்டினால் மரியாதைக்குக் கை தட்டுவார்களே தவிர, அடுத்த பாட்டைக் கேட்க உட்கார மாட்டார்கள். இந்தப் பொருளை எடுப்பதானால் இருகுரல் பாடலாக எடுங்கள்: இக்கரைக் குரல் ஒன்று, அக்கரைக் குரல் ஒன்று, இருவரும் ஒரே காற்றைப் பற்றிப் பேசட்டும்.

3. பாடுபவரிடம் அனுமதி பெறும் முறை

பதிவுக்குப் பிறகு கையெழுத்து வாங்கலாம் என்று இந்தப் படியைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு. பழம்பாடலுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் அதை உங்கள் முன் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதை ஏற்கிறது, உரிமைக்காலம் 50 ஆண்டுகள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகப் பயன்பாட்டில் அவருக்குப் பங்குத்தொகை பெறும் உரிமையையும் சேர்த்தது. ஆகவே தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, அதை உரக்கப் படித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதையும் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். பதிவு நாளுக்கான ஊதியம் தனி, பின்னால் வரக்கூடிய பங்குத்தொகை தனி என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிரிக்காமல் விட்டால் முதலில் கொடுத்த தொகையே முழுத் தொகை என்று இரு தரப்பும் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்ளும்.

‘பாட்டி காலத்துப் பாட்டு’ என்று தரப்படும் எல்லாமே பழம்பாடல் அன்று. பழைய திரைப்பாடல்களின் மெட்டுகளும், கோயில் கொடைகளில் ஒலித்த கேசட் பாடல்களும் ஊர்ச் சொற்களை ஏற்று உருமாறிப் பாடப்படுகின்றன. ஒரே பாடலை வேறு ஊரைச் சேர்ந்த இருவரிடமாவது கேட்டு ஒப்பிட்ட பிறகே அதை ஆல்பத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிப்பதால், இந்தச் சோதனையைத் தவிர்ப்பது வெளியீட்டுக்குப் பிறகு வழக்கில் கொண்டுபோய் விடும்.

ஒப்பாரியை வீட்டுக்குள் அமர்த்திப் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் அதைப் பாடுவது ஆகாது என்று பெண்கள் மறுப்பது நியாயமான மறுப்பு. ஊருக்கு வெளியே மரத்தடியிலோ கரையிலோ பாட அவர்களே இடம் சொன்னால் மட்டும் பதியுங்கள்.

4. வேலையின் தாளத்தைக் கண்டுபிடியுங்கள்

கரைவலையை (கரையில் நின்றபடி பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை) இழுக்கும்போது பாடும் அம்பா என்ற பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ திருப்பிச் சொல்வார்கள். இழுப்பு விழுவது அந்தப் பதிலின் மேல்தான். அடி எடுத்துக் கொடுப்பவரின் வரி சற்று நீளும், சற்றுக் குறுகும், நடுவில் யாரையாவது கிண்டல் செய்வதற்காக ஓரிரு சொல் கூடும். அதற்கெல்லாம் இடம் உண்டு. வலையின் மடி (மீன் சேரும் பை) கரையை நெருங்க நெருங்க வேகம் ஏறும்.

இதனால்தான் மெட்ரோநோம் என்னும் தாளக்காட்டியின் ஒலியைக் காதில் மாட்டிவிட்டு அம்பா பாடச் சொல்வது பயனற்றது. கரையிலேயே இயல்பாகப் பதிந்து, இழுப்பு விழும் இடங்களை மென்பொருளில் ஒவ்வொன்றாகக் குறித்து, அந்தக் குறிகளின்படி வேக வரைபடம் ஒன்றை உருவாக்குங்கள். ட்ரம்ஸ் வாசிப்பவர் அந்த வரைபடத்தைப் பின்பற்றி வாசிக்க வேண்டும். வேகம் ஏறும் ராக் பாடல் காதுக்குப் பிழையாகக் கேட்குமோ என்று அஞ்ச வேண்டாம். மடி கரையேறுகிறது என்பதைக் கேட்பவருக்குச் சொல்வதே அந்த வேகந்தான்.

வேலை முடிந்து உட்கார்ந்தபடி பாடினால் குரல் தளர்ந்து தாளமும் கலைந்துவிடும். வலை இழுக்கும் நேரத்தில் பதிய முடியாவிட்டால், ஒரு கயிற்றைத் தென்னை மரத்தில் கட்டி, நான்கைந்து பேர் அதை இழுத்தபடியே பாட ஏற்பாடு செய்யுங்கள். தொடக்கத்தில் சிரிப்பார்கள். ஆனால் உடல் எடையைப் பின்னுக்குச் சாய்த்ததும் மூச்சு விழும் இடம் தானாகச் சரியாகிவிடும்.

கும்மி, தெம்மாங்கு வகைப் பாடல்கள் பலவும் திஸ்ர நடையில், அதாவது மும்மூன்றாகச் செல்பவை. ராக் இசையின் வழக்கமான நடை நான்கு. புதியவர்கள் ஒவ்வொரு மூன்றிலும் ஓர் எழுத்தை நீட்டி நான்காக்குகிறார்கள். பாட்டு அந்த இடத்திலேயே நொண்டத் தொடங்கும், ஊரார் காதுக்கு அது உடனே தெரியும். அதற்கு மாறாக 12 மாத்திரையை ஓர் ஆவர்த்தனமாக (தாளத்தின் ஒரு முழுச் சுற்றாக) எடுத்துக்கொள்ளுங்கள். குரலும் தவிலும் அதை மும்மூன்றாக நான்கு கூறு செய்யட்டும், கிதார் நான்கு நான்காக மூன்று கூறு செய்யட்டும். இரண்டும் 12க்கு ஒரு முறை ஒன்றாக வந்து விழும். கலவை என்று நாம் சொல்வது ஏறத்தாழ முழுவதும் இந்த விழுகையில்தான் இருக்கிறது. ஆதலால் இந்தப் படிக்குத் தேவைப்படும் அளவு நாள்களைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

5. சுருதி: கிதார்தான் இறங்கி வர வேண்டும்

நாதஸ்வரத்தின் சுருதியை அதன் நீளமே தீர்மானிக்கிறது. உங்கள் பாட்டுக்காக அதை மாற்ற முடியாது. பாரி எனப்படும் நீண்ட வகை நாதஸ்வரம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டையில் இருக்கும். கட்டை என்பது ஆதார சுருதியைக் குறிக்கும் அளவு. 1 கட்டை என்பது மேலை முறையில் சி, 2 கட்டை டி, 2½ கட்டை டி ஷார்ப், 3 கட்டை ஈ, 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. சாதாரணச் சுருதியில் கிதாரின் தடித்த கம்பி ஈ, அதாவது 3 கட்டை. ஆகவே நாதஸ்வரம் 2 கட்டையானால் தடித்த கம்பியை மட்டும் டிக்கு இறக்குங்கள். 2½ ஆனால் ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். பெண்கள் பெரும்பாலும் 5 முதல் 6 கட்டையில் பாடுவதால் அவர்களுடைய பாடல்களுக்குக் கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டிக்கொண்டால் போதும்.

பாடுபவரிடம் ‘எந்தக் கட்டை’ என்று கேட்க வேண்டியதில்லை. பாட விட்டு, டியூனரில் ஆதார ஸ்வரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் குரலை மென்பொருளால் இழுத்துச் சரிசெய்யாமல் கிதாரை அந்த நடு இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) விஷயத்தில் சிக்கனம் தேவை. நாட்டுப்புறக் குரல் காந்தாரத்தை (மூன்றாம் ஸ்வரமான ‘க’வை) ஒரே இடத்தில் நிறுத்தாது, அசைத்துப் பாடும். மேஜர் அல்லது மைனர் கார்டு காந்தாரத்தை ஒரே இடத்தில் அறைந்துவிடுவதால் இரண்டும் மோதும். ஷட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) மட்டுமே உள்ள பவர் கார்டில் அந்த மோதல் இல்லை. டிஸ்டார்ஷனோடு (கிதார் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) நன்றாக ஒலிப்பதும் அதுவே. தனி வாசிப்புக்கு, மெட்டு சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்களில் நின்றால் கிதார்க்காரர்கள் முதலில் பழகும் மைனர் பென்டடானிக் என்னும் ஐந்து ஸ்வர வரிசை அப்படியே பொருந்தும். ஹரிகாம்போஜி சாயல் தெரிந்தால் மேலை இசையின் மிக்ஸோலிடியன் ஸ்வர வரிசை, கரகரப்பிரியா என்றால் டோரியன். கமகம் என்னும் ஸ்வர அசைவைக் கிதாரின் பிரெட்டுகளில் தேடுவதைவிடக் கம்பியை வளைத்தோ கண்ணாடிக் குழாயைச் சறுக்கியோ எடுப்பது குரலுக்கு நெருக்கமாக இருக்கும்.

6. எந்தப் பொருளுக்கு எந்த இசை வகை

இப்போதுதான் வகையைப் பற்றிப் பேசும் இடம் வருகிறது. ஒரு பாடலில் இரண்டு வகைகளுக்கு மேல் வேண்டாம்; மூன்றாவது வகை நுழைவதானால் வரிகளின் பொருள் திரும்பும் இடத்தில் மட்டும் நுழையட்டும். காரணம் இல்லாமல் ரெகேயும் மெட்டலும் தப்பாட்டமும் அடுத்தடுத்து வரும் பாடல், வாசிப்பவரின் திறமையைக் காட்டுமே தவிரப் பாடுபவர் யார் என்பதைக் காட்டாது.

என் பரிந்துரைகள் இவை. கரைவலைப் பாடலுக்கு மெதுவான, கனத்த ஹார்ட் ராக் பொருந்தும், ஏனெனில் இரண்டிலும் எடை முழுவதும் ஒரே அடியில் இறங்குகிறது. தாயிரா என்னும் தோற்கருவியைத் தட்டிப் பக்கீர்கள் பாடும் பாடல்கள் ஒரே சுருதியில் நீண்டு சுழல்பவை. அவற்றுக்குக் கார்டே மாறாத சைக்கடெலிக் ராக் ஏற்றது. ஆனால் ஏர்வாடி, கீழக்கரைப் பகுதிகளில் எந்தப் பாடலைப் பிற கருவிகளோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதைப் பாடுபவர்தான் சொல்ல வேண்டும். பாசி எடுக்கும் பெண்ணின் பாட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சின் நீளமாக இருக்கட்டும். அவள் நீருக்குள் இருக்கும் நேரத்தில் பாடல் வரியே இல்லாமல் கிதார்கள் மட்டும் அடுக்கடுக்காக ஏறலாம். தடைக்காலத்தின் வேலையற்ற பிற்பகலுக்கு ரெகே இயல்பாக வரும்.

ஒப்பாரிக்கு ட்ரம்ஸ் வேண்டாம். கிதாரின் ஃபீட்பேக் ஒலியை (பெருக்கியின் ஒலி மீண்டும் கிதாருக்குள் புகுந்து நீளும் ஒலி) ஆதார சுருதியாகத் தாழ்வாக நிறுத்திவிட்டுக் குரலைத் தனியே விடுங்கள்.

7. வரிகளை எழுதும் முறை

வரிகளில் செய்யும் பிழையை எந்தக் கருவியும் மறைக்காது. முதல் விதி, குறிலை நீட்டாதீர்கள். ‘வலை’ என்பதன் முதலெழுத்து நீண்ட ஸ்வரத்தில் விழுந்தால் ‘வாலை’ ஆகிவிடும். ‘கரை’ ‘காரை’ ஆகும். மெட்டில் நீளும் இடங்களை முதலில் கோடிட்டு, அங்கெல்லாம் நெடில் உள்ள சொற்களை வையுங்கள். உச்சக் குரலில் கத்தும் இடத்துக்கு ஆகாரமும் ஏகாரமும் ஓகாரமும் ஏற்றவை. அம்பாவின் ‘ஏலேலோ’ முழுவதும் நெடிலாக இருப்பதைக் கவனித்தால் இதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரண்டாவது, பொருளைத் தாங்கும் சொல்லைக் கத்தும் இடத்தில் வைக்காதீர்கள். டிஸ்டார்ஷனும் கத்தலும் சேர்ந்து மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். அந்தச் சொல்லைக் கிதார் நிற்கும் இடைவெளியில் வைத்து, சாதாரணக் குரலில் பாட வேண்டும்.

மூன்றாவது, ஊர்ச் சொல்லை அலங்காரத்துக்காகத் தூவாதீர்கள். வாடை (வடக்கு), கச்சான் (மேற்கு), சோழகம் (தெற்கு), கொண்டல் (கிழக்கு) என்று நான்கு காற்றையும் ஒரே சரணத்தில் அடுக்கினால் அது பட்டியல். வாடைக் காற்று வீசும் மாதத்தில் நடக்கும் கதையில் வாடை மட்டும் வந்தால் போதும். மீன்பிடிக்கப் போவதை இங்கே ‘தொழிலுக்குப் போறோம்’ என்றுதான் சொல்கிறார்கள். பாட்டில் வருபவரும் அப்படியே சொல்லட்டும். வத்தை என்னும் சிறு படகில் செல்பவரை விசைப்படகில் ஏற்றிவிடாதீர்கள், கரைவலையின் உரிமையாளரான சம்மாட்டியைச் சாதாரணக் கூலியாள் போலப் பேச வைக்காதீர்கள். அவர்களுக்குள் கடனும் கணக்கும் உண்டு. பாடலின் முரண்பாடு பல சமயம் அங்கேதான் கிடைக்கும்.

எதுகை கிடைக்காத இடத்தில் மோனையை நம்புங்கள். வேகமான ராக் நடையில் வரியின் முதலெழுத்து ட்ரம்ஸின் முதல் அடியோடு சேர்ந்து விழுவதால் மோனை தெளிவாகக் கேட்கும். எதுகை அடுத்த மாத்திரையில் மறைந்துபோகக்கூடும்.

எழுதி முடித்ததும் இசை இல்லாமல், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ‘இப்படி யாரும் பேச மாட்டாங்க’ என்று சொல்லப்படும் வரியை வாதிடாமல் நீக்கிவிடுங்கள்.

8. பதிவு

கடற்காற்று முற்பகலில் எழுந்து பிற்பகலில் வலுக்கும் என்பதால் திறந்தவெளிப் பதிவை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். படகு எஞ்சின்கள் புறப்படும் நேரத்தை முன்னதாகக் கேட்டு அறிந்து, இறங்குதுறையிலிருந்து தள்ளி நில்லுங்கள். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். அடி எடுத்துக் கொடுப்பவர் திடீரென்று குரலை உயர்த்துவார், உடைந்த ஒலியைப் பின்னால் மீட்க முடியாது. ஒரு ரெக்கார்டர் அவருக்கு அருகிலும் மற்றொன்று கூட்டத்திலிருந்து சில அடி தள்ளியும் இருக்கட்டும்.

தவிலுக்கு இரண்டு டைனமிக் ஒலிவாங்கிகள் வேண்டும். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கமும் விரல்கூடுகளால் வாசிக்கும் வலந்தலைப் பக்கமும் இருவேறு கருவிகள் போலவே ஒலிப்பதால், ஒற்றை ஒலிவாங்கியில் எடுத்தால் மிக்ஸிங் எனப்படும் ஒலிக்கலவையின்போது இரண்டையும் பிரிக்க வழியிருக்காது.

9. கலவை

தவிலின் தொப்பியும் உறுமி மேளமும் ட்ரம்ஸில் காலால் அடிக்கும் கிக் ட்ரம்மும் ஒரே தாழ்ந்த இடத்துக்குப் போட்டியிடும். ஒவ்வொரு பாடலிலும் அந்த இடத்துக்கு ஒருவரை மட்டும் தேர்ந்து, மற்றவற்றின் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துவிடுங்கள். கிதாரின் டிஸ்டார்ஷனைப் பதியும்போதே நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். குரலின் தெளிவு இருக்கும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அதுதான் முதலில் மூடும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் ஒலியளவின் அலகு) அளவுக்கு ஒலியைச் சமப்படுத்துவதால், மிகையாக அழுத்தி ஒலியைக் கூட்டுவதில் பயன் ஏதும் இல்லை.

10. வரிசையும் வெளியீடும்

பாடல்களை வேகத்தின்படி அடுக்காமல் காற்றின்படி அடுக்கிப் பாருங்கள்: வாடையில் தொடங்கி, தடைக்காலம் கடந்து, கச்சானில் முடியும் ஓர் ஆண்டு. இது ஒன்றே வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வரிசையில் வைத்தால் கனத்த பாடலுக்குப் பின் ரெகே வருவதற்குக் கதையிலேயே காரணம் கிடைத்துவிடுகிறது.

வெளியிடுவதற்கு முன், பாடியவர்கள் ஒவ்வொருவரும் தம் பாடலைக் கேட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு இருக்க வேண்டும். அட்டையில் ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று மொத்தமாகப் போடாமல், அவர்கள் விரும்பும்படியே பெயரையும் ஊரையும் தனித்தனியே அச்சிடுங்கள். தப்பும் தவிலும் வாசித்தவர்களின் பெயர்கள் கிதார்க்காரரின் பெயர் இருக்கும் அதே எழுத்தளவில் இருக்கட்டும். கலவை செய்யாத மூலக்குரல் பதிவுகளை மெமரி கார்டில் ஏற்றிப் பாடியவரின் வீட்டில் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியிலேயே கேட்க ஏதுவாக எம்பி3 வடிவில் ஒரு பிரதியும் அதில் இருக்க வேண்டும்.